திரும்பி வந்த நடை

டெல்மர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பழைய நடை வீட்டுக்கு வந்தது.

முதுகெலும்பைப் பூட்டிப்போடும் வாதம் அவருடைய இடுப்பு மூட்டுகளையும் கல்லாக்கியிருந்தது. கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் அவருடைய ஹைடா பழங்குடிக்கு அது புது நோயல்ல. வான்கூவர் ஆஸ்பத்திரியில் மூட்டுகளை அறுத்தெடுத்து உலோகம் வைத்தார்கள். குனிந்தே நடந்து, செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், முகம் பார்த்துப் பேசினார். அதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் அந்தச் சத்தம். விடியற்காலையில், அறைக்கு வெளியே நடைவழியில், ஒரு காலை ஊன்றி மறு காலை இழுப்பது. நடுவே மூச்சு வாங்கும் நிறுத்தம். தன் நடை தனக்குத் தெரியாதா? எழுந்து ஊன்றுகோலைத் தேடுவதற்குள் சத்தம் தேய்ந்துவிடும்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. மழையா இருக்கும்" என்றாள் மகள் ஜோலீன், மீன் ஆலைக்குக் கிளம்பியபடி.

செத்துப்போன மனைவியின் தம்பி வெண்டலிடம் சொன்னார்.

"எடுத்த எலும்ப என்ன பண்ணின மச்சான்?"

"ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டேன். கேக்க வெக்கமா இருந்துச்சு."

"நல்லா இருக்கு. வெள்ளைக்காரன் தோண்டிட்டுப் போன முன்னோர் எலும்புக்காக மியூசியம் மியூசியமா ஏறி இறங்கி, பெட்டியில வெச்சுக் கூட்டியாந்து புதைச்சோம். நீ சொந்த எலும்பக் குப்பையில போட்டுட்டு வந்திருக்க. பின்னாலயே நடந்து வராம என்ன செய்யும்?" வெண்டல் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விசாரித்தால், எரித்தாகிவிட்டது என்றார்கள். வெண்டல் கடற்கரையில் தீ மூட்டி, செத்தவர்களுக்குப் படைப்பதுபோல் அதில் மீனும் பாசியில் ஒட்டிய மீன்முட்டையும் போட்டு, "சாப்பிட்டு அடங்கு. அந்த மனுஷன விட்டுடு" என்று எலும்பிடம் மன்றாடினான். பக்கத்தில் நின்ற ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தார் டெல்மர்.

மறுநாள் விடியலில் மறுபடியும் அதே இழுப்பு. அவருக்குப் பயத்தைவிடக் கோபம் மிஞ்சியது. கதவைத் திறந்தார்.

மங்கலில் ஓர் உருவம் சுவரில் உள்ளங்கை ஊன்றி, குனிந்து தரையைப் பார்த்து நின்றது. அச்சு அசல் அவரேதான். அந்த உருவத்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்பையே மெல்ல மெல்லத் திருப்பி அவரைப் பார்த்தது.

ஜோலீன்.

"விடியக்காலையில இப்படி விறைச்சுக்கும். நடக்க நடக்கச் சரியாயிடும்பா. நீ எழுந்திரிக்கறதுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"எப்பலேருந்து?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே. அப்போ உன் நடைச் சத்தத்துல என் சத்தம் கேக்கல. சொன்னா நீ போயிருக்க மாட்ட."

அவர் தோளைக் கொடுத்தார். அவள் சாய்ந்துகொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"பேரு, குலம், பாட்டு எல்லாமே அம்மா வழி. அப்பன்கிட்டேருந்து ஒண்ணும் வராதுன்னுதானேப்பா நம்ம ஊர்ல சொல்லுவாங்க?"

பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது டெல்மருக்கு.