வட்டப் பொத்தான், வயருடன்

பஸ் டெப்போவில் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறைக்கு அவள்தான் ராணி. கண்டக்டர்கள் கேலியாகப் பூதக்கண்ணாடி அக்கா என்பார்கள். நாலாயிரம் சாமானும் தனக்கு அத்துப்படி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அன்று ஆறு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அப்பா வந்து நின்றார். பஸ்ஸில் தூங்கிய பிள்ளையின் தலையிலிருந்து காது கேட்கும் கருவி விழுந்து மூன்று நாளாகிவிட்டது.

"அது இல்லாட்டி இவளுக்கு ஒரு சத்தமும் கேக்காதுங்க. புதுசு வர ஆறு மாசம் ஆகுமாம்."

அக்கா கணினியில் 'காது கருவி' என்று தட்டினாள். ஒன்றுமில்லை. 'காது மெஷின்'. ம்ஹூம். இன்னதென்று தெரியாத உதிரிச் சாமான்களை அள்ளிப் போக ஐந்து மணிக்குக் குப்பை வண்டி வேறு வந்துவிடும். மணி நாலரை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வழியில்லாமல், போன வாரம் மேலிடம் மாட்டிவிட்டுப் போன புதுத் தேடல் வசதியைத் திறந்தாள். செயற்கை நுண்ணறிவாம்.

"எனக்கே டிமிக்கி குடுக்குற சாமான இதுவா கண்டுபிடிக்கப் போகுது?" என்று முணுமுணுத்தபடி, அப்பா சொன்னதை அப்படியே தட்டினாள். காதுக்குப் பின்னால் மாட்டுவது, வயர் உண்டு, ஆபரேஷன் செய்து தலைக்குள் வைத்த பாகத்தோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அது உடனே தேடவில்லை. "எடுத்தவருக்கு இது என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் எப்படிக் குறித்திருப்பார் என்று எழுதிப் பார்த்து, அதை வைத்துத் தேடுகிறேன்" என்றது. பிறகு மளமளவென்று எழுதித் தள்ளியது. உடைந்த ஹெட்போன். பொம்மையின் பாகம். வயர் வைத்த பட்டன்.

திரையில் ஒரே ஒரு பதிவு வந்து நின்றது. 'கறுப்பு வட்டப் பொத்தான், வயருடன். சீட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பெட்டி 61.'

கண்டக்டரின் துண்டுச் சீட்டைப் பார்த்து அதைத் தட்டச்சு செய்தவளே அவள்தான்!

பதினோரு வருடமாக அவள் பொருளின் சரியான பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரே தெரியாத ஒருவன் என்ன எழுதுவான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்னன்னே தெரியாத ஆளு மனசுக்குள்ள இது எப்படிப் போச்சு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

பெட்டியின் அடியில் கருவி கிடந்தது. அப்பா அதைத் துடைத்து, பையிலிருந்த புது பேட்டரியைப் போட்டு, மகளின் தலையில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிள்ளை மூலையில் குவிந்திருந்த குடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்று, பயந்து பயந்து, காற்றுக்கும் கேட்காத குரலில் கூப்பிட்டார்.

"குட்டிம்மா."

அவள் திரும்பக்கூட இல்லை.

"ஏம்ப்பா ரகசியமா பேசுற?" என்றாள்.