முழங்கால் வரை எழுந்த திரை

முதல் நாள் திரை எவ்வளவு தூரம் எழுந்து நின்றது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ராஜாவின் முழங்கால் வரை என்றுதான் தோன்றுகிறது. ஜரிகை அங்கிக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிந்தது மட்டும் நிச்சயம்.

கயிறு இழுத்துத் திரை தூக்கிக்கொண்டிருந்த நாடகக் குழுவுக்கு மோட்டாரைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. குழு அவருடைய மாமியாருடையது. ராஜா வேஷம் மச்சினனுக்கு. மோட்டார் பன்னிரண்டு வோல்ட். ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடுவது. வெறுமனே ஓட்டினால் அழகாகச் சுற்றியது. திரையின் பாரம் ஏறியதும் முனகிவிட்டு நின்றது.

“மாப்ளே, நாளைக்கும் மக்கர் பண்ணுச்சுன்னா மோட்டார் காயலான் கடைக்கு. நீங்கதான் கயிறு இழுக்கணும்,” என்றார் மாமியார்.

“கவலைப்படாதீங்க அத்தான், மோட்டாரைவிட நீங்க நல்லாவே முனகுறீங்க,” என்றான் மச்சினன்.

மறுநாள் ஒத்திகையில் மாப்பிள்ளை அதே மாதிரி இன்னொரு பேட்டரியை வாங்கிவந்து, முதலாவதின் வாலில் கோத்தார். இருபத்துநான்கு வோல்ட். திரை பறந்தது. போகிற போக்கில் ராஜாவின் கிரீடத்தையும் டோப்பாவையும் வாரிக்கொண்டு போனது.

மாப்பிள்ளை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தார். வேகம் வேண்டும் என்று யார் கேட்டது? வோல்ட் ஏறினால் வேகம்தான் ஏறும். திரைக்கு வேண்டியது பலம். அதற்குக் கரண்ட் கூட வேண்டும், வோல்ட் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு பேட்டரியால் முடியாததை இரண்டு பங்குபோட்டுக் கொடுத்தால் என்ன? எழுந்துபோய் பிளஸ்ஸோடு பிளஸ்ஸையும் மைனஸோடு மைனஸையும் சேர்த்து, இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தார்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. மணி அடிக்கும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. ஓர் அங்குலம் மட்டும் ஏற்றிப் பார்ப்போம் என்று ஸ்விட்சை அழுத்திப் பிடித்தார். திரை முனகாமல், நிதானமாக எழுந்தது. அந்த அழகில் சொக்கி நின்றவர் கையை எடுக்க மறந்தார்.

மேடையில் மாமியார், மகனுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தார். பாதிதான் முடிந்திருந்தது.

“ராஜாவா இருந்தா என்ன? மீசையை அம்மாதான் வரையணும்!” என்று சபையைப் பார்த்து ஒரு போடு போட்டார் மாமியார். கைதட்டல் அடங்க நேரமானது.

உள்ளே வந்ததும் அவர் சொன்னார்: “திரை நல்லாத்தான் ஏறுது மாப்ளே. யாரைக் கேட்டு ஏத்துனீங்க?”

மோட்டார் நிலைத்தது. மச்சினன் பிற்பாடு நடிப்பை விட்டுத் துணிக்கடை வைத்தான். மாமியார் ராஜமாதாவாகக் கடைசிவரை நடித்தார். மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டார். ஸ்விட்ச் மாமியாரிடம் இருந்தது.