எர்த்து தேடிப் போன கரண்ட்

1998 தை மாதம் முதல், திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் தம் மாரிஸ் மைனர் காரில் ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டால், சாணார்பட்டியில் பொன்னழகின் மல்லிகைத் தோட்டத்து மண் வெளிச்சம் விட்டது. கார் விளக்கு எரியவில்லை. ஓய்வு பெற்ற கையோடு வாத்தியார் அந்த நாற்பது வயதுக் காரைப் பிரித்துப் போட்டு, மூன்று கோட்டிங் பெயிண்ட் அடித்திருந்தார். பார்க்க வருபவர்கள் செருப்பை ஷெட்டுக்கு வெளியே விட வேண்டும். பழுது பார்க்க வந்த கார் எலெக்ட்ரீஷியன் மொக்கைச்சாமியிடம் இருபத்திரண்டு வருட சர்வீஸ் இருந்தது, கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பு இல்லை. பல்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், பிறகு ஒயர் முழுவதையும் உருவிப் புதிதாக இழுத்தார். ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சாணார்பட்டியில் மண் சூடேறி, மொட்டுகள் செடியிலேயே விரிந்தன. விரிந்த மல்லிகையைப் பூ மார்க்கெட்டில் யாரும் தொடுவதில்லை. பொன்னழகுக்கு இருந்தது அந்த அரை ஏக்கர்தான். வெளிச்சம் வரும்போதெல்லாம் மொக்கைச்சாமியின் பெருமைப் பேச்சு தோட்டத்துக் கிணற்றில் கேட்டதால், ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பங்குனியில் பொன்னழகு ஒரு கூடை விரிந்த பூவோடு வாத்தியாரின் ஷெட்டில் வந்து நின்றார்.

“எர்த்து புடிச்சிருக்கா?”

“இது காருப்பா, பம்புசெட்டு இல்ல. இதுக்குப் பாடிதான் எர்த்து,” என்றார் மொக்கைச்சாமி.

“பாடியில எங்கண்ணே இரும்பு தெரியுது? அம்புட்டும் பெயிண்டு. திரும்ப வழியில்லாம கரண்டு மண்ணத் தேடி எங்காட்டுக்கு வருது.”

எர்த்து போல்ட்டுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைப் பேனாக்கத்தியால் பொன்னழகு சுரண்டினார். ஹெட்லைட் எரிந்தது. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை, சுரண்டிய இடத்தைப் பார்த்தார்.

“மூணு கோட்டிங்குடா, பாவி!”

ஒரே வாரத்தில் அந்த இடத்துக்கும் பெயிண்ட் ஏறியது. மொக்கைச்சாமி ‘எர்த்து ஸ்பெஷலிஸ்ட்’ என்று கடைக்குப் போர்டு மாட்டினார். பொன்னழகு இன்னும் இரண்டு தடவை வந்து சுரண்டினார், வாத்தியார் இரண்டு தடவையும் பூசினார். 2001இல் பொன்னழகு மல்லிகையைப் பிடுங்கிவிட்டுச் செண்டுமல்லி நட்டார். அதை மொட்டாக யாரும் வாங்குவதில்லை, விரிந்தால்தான் விலை. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு போன் செய்வார். “சார், காலையில செத்த நேரம் லைட்டப் போட்டு விடுங்க.” வாத்தியார் பெயிண்டின் மேல் தூசியைத் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுவார். சாணார்பட்டியில் மண் வெளுத்து மொட்டு விரிந்ததும், ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு பறிக்க இறங்குவார்கள்.