பெண்டாட்டிதாசனின் டெஸ்ட் டிரைவ்

மெக்கானிக்குக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருடமாகிறது. விஷயம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். முகத்துக்கு நேரே உரக்கப் பேசினால் பாதி கேட்கும், மீதியை உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். என்ஜினுக்கு உதடு கிடையாதே. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்றுதான் ஊர் அவரிடம் வண்டியைக் கொண்டுவந்தது. காது போன கதை தெரிந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அதனால் டெஸ்ட் டிரைவுக்கு மனைவியையும் ஏற்றிக்கொண்டார். அவர் ஓட்டுவார். பின் சீட்டில் அவள், அவர் தோளில் கை வைத்தபடி. சத்தம் வந்தால் ஒரு தட்டு, நின்றால் இரண்டு. வண்டிக்காரர் எதையாவது சொல்லி அதற்குத் தலையாட்ட வேண்டியிருந்தால் மூன்று. மூன்று தட்டினால் அவர், "ஆகட்டும் சார், கண்டிப்பா" என்பார். பெண்டாட்டி இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார் என்று ஊர் சிரித்தது, பெண்டாட்டிதாசன் என்று பட்டமும் கட்டியது. செவிடன் என்பதற்கு இது தேவலை என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குத்தான் அலுத்துவிட்டது. அடுப்பில் எதை வைத்தாலும் பாதியில் அணைத்துவிட்டு ஓடிவர வேண்டும். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சியும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று அவர் அசைந்து கொடுக்கவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினெட்டு வயதான எஸ்யூவி ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் ஊருக்கே தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டர்.

திருப்பி அனுப்பிவிடு என்று மெக்கானிக் மனைவியிடம் கண்ணைக் காட்டினார். அதற்குள் அவள் கோளாறைக் கேட்டு அவருக்கு ஒப்பித்துவிட்டாள். ஆட்டோமேட்டிக் கியர். சூடாகும்வரை ஒழுங்காகப் போகிறது. சூடானதும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் என்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டிக்கு வேகம் பிடிப்பதில்லை, அப்புறம் பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். வேறொரு பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுமில்லை என்றதாம், பட்டறைக்காரர் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றாராம். ஒன்றுமில்லாததற்கு முழு கியர்பாக்ஸா என்று மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது.

என்ஜின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவிக் கியர் ஆயிலைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நிறம் கறுத்திருந்தாலும் தீய்ந்த வாடை இல்லை. மூக்கு இன்னும் அவருடையதுதான்.

மூவரும் கிளம்பினார்கள். வண்டி சூடானதும் தோளில் ஒரு தட்டு விழுந்தது, ஊளைச் சத்தம். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஒரு தட்டு. காலை எடுத்தார். இரண்டு தட்டு. சக்கரம் சுற்றாதபோதும் என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஊளை, ஆயிலை உறிஞ்சுகிற பம்பினுடையது. ஆயில் இருந்தும் பம்புக்குக் கிடைக்கவில்லையென்றால் நடுவில் அடைப்பு.

"ஃபில்டர்தான் சார்" என்றார். "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தணிந்த குரலில், எத்தனை வருடத் தொழில், பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் பின் சீட்டிலிருந்தே பதில் வந்தது. கடைசியில் டாக்டர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் ஃபில்டர் முழுக்கச் சேறு. புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றினார். மறுநாள் சாயங்காலம் டாக்டர் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை என்றார்.

மெக்கானிக் அப்போது குழாயடியில் முதுகைக் காட்டியபடி கை கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் அந்த முதுகைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு என் கிளினிக்குக்கு வாங்க. உங்க சம்சாரம் வெளியில உக்காரட்டும். நான் கேக்கறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

மெக்கானிக் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வருடமாக எல்லாரிடமும் அப்படி எதையாவது சொல்லித்தான் சமாளிக்கிறாள். வெளியே தெரிந்தால் பட்டறை போகும், இப்படியே விட்டால் மிச்சமிருக்கிற காதும் போகும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. போய் அவர் தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் திரும்பி, ஈரக் கையோடு டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "ஆகட்டும் சார், கண்டிப்பா."

வண்டி போனதும், எதற்கு ஆகட்டும் என்றேன் என்று அவளைக் கேட்டார்.

"காது டாக்டர்கிட்ட காதைக் காட்டறதுக்கு" என்றாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் டயரோடு திரும்பினார்.

மெக்கானிக் டயர் கடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மெதுவாச் சொல்லக் கூடாதா?"

"மெதுவாச் சொன்னா உங்களுக்குக் கேக்குமா?" என்றாள், இன்னும் உரக்க.