பதினோரு நாள் பாட்டு

மின்தடை அறிவிப்பை ஐம்பது நகல் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. காகிதத்தைப் பார்ப்பேனே தவிர, படிப்பேனா? மறுநாள் காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனதும்தான் மண்டையில் உறைத்தது. இனி மாலை ஐந்துக்குத்தான் வருமாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் லேப்டாப் பழசு, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதில் நான் இசையமைக்கும் மென்பொருளோ இலவசம். பாதி வேலையைச் சேமிக்க விடாது. முழுசாக முடித்து, ஒரே ஒருமுறை பாட்டாக வெளியே எடுக்கலாம். நடுவில் அணைந்தால் எல்லாம் போச்சு. அதனால் பதினோரு நாளாக அதை அணைக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் பெண்கள் கபடிப் போட்டி. அணிகள் களமிறங்கும்போது போடுவதற்கு சவுண்டு செட் தாண்டவராயன் என்னிடம் பாட்டு கேட்டிருந்தார். நான் போட்ட பாட்டை ஊர் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை. கரண்ட் போன அன்றே சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். பாட்டின் முடிவு மட்டும் பாக்கி.

யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. பத்து நிமிடம் தாங்கினால் பெரிது.

"அடுத்த தெருவுல காதுகுத்து. மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடிக்கினு இருக்குது. ஜல்தியா தூக்குங்க!" என்று கணவரை விரட்டினேன்.

ஆரோக்கியராஜ் லேப்டாப்பைத் தாம்பாளத்தில் வைத்து, வெயில் படாமல் மேலே துண்டைப் போர்த்தினார். யூபிஎஸ்ஸைப் பையில் போட்டுக்கொண்டு நான் ஒட்டியபடியே ஓடினேன். ஒயர் இரண்டு முழம்தான். அவர் வேகமாக நடந்தாலும் திட்டினேன், மெதுவாக நடந்தாலும் திட்டினேன்.

மண்டப வாசலில் காதுகுத்துக் குழந்தையின் சித்தப்பா தேவநாதன் நின்றிருந்தார். புருஷன், பெண்டாட்டி, மூடிய தாம்பாளம். பார்த்ததும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

"சீரா? வாங்க, வாங்க! குடுங்க, நான் வாங்கிக்கிறேன்!"

இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். என் பையிலிருந்து ஒயர் பிடுங்கிக்கொண்டு போனது.

"ஐயோ, பாவி மனுஷா!"

துண்டை விலக்கினேன். திரை கறுப்பு. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தேவநாதன் கையைப் பிசைந்தார். "தெரியாம பண்ணிட்டேம்மா. இங்கியே ஒக்காந்து வேலை பாரு. ஜெனரேட்டர் சாயங்காலம் வரிக்கும் ஓடும்."

"ஓடி என்ன பண்றது? பதினோரு நாள் வேலைங்க! எதை எங்க வெச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

ஆரோக்கியராஜ் மண்டபத்து ப்ளக்கில் ஒயரைச் சொருகினார். வெறும் திரை வந்தது. பக்கத்தில் குந்தி, தாம்பாளத்தில் விரலால் தட்டினார்.

"டும், டுடும், டும். இதான முதல்ல? நாலு தடவை. அப்பறம் மல்லாட்டை ஒடைக்கிற சத்தம்."

வேர்க்கடலை உடைத்து நான் சேர்த்த சத்தம்தான். வாயைப் பிளந்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரே ரூமு வூடு. நீ போட்டுக்கினே இருந்த, நான் கேட்டுக்கினே இருந்தேன். ம், போடு."

அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பந்தி எழுவதற்குள் பாக்கி இருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். அவரோ நிறுத்தவில்லை, எதையோ முனகிக்கொண்டே போனார்.

"இது என் பாட்டுல இல்லியே."

"தெரியும். நீ அங்க நிறுத்துறப்பல்லாம் நான் மனசுக்குள்ள இப்பிடித்தான் முடிச்சிக்குவேன்."

லேப்டாப்பை அவர் வாய்ப்பக்கம் திருப்பிப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"இன்னொரு தடவை பாடுங்க."