பத்து மணிக் காற்று

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். எழுத்தரம்மாவையும் சேர்த்தால் ஆறு. ஆனால் குறிப்பெழுதுகிறவர் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. மேசையின் தலைமாட்டில், சுவரில் ஒட்டிய ஊர் வரைபடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரமன்றத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் தீயணைப்பு நிலைய அதிகாரி, தொப்பியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். அவரை அடுத்து பள்ளித் தலைமையாசிரியை. எதிர்வரிசையில், கடல் பார்த்த ஜன்னலோரம், ஐஸ் ஃபேக்டரி மேனேஜர். கதவருகே, ஒரு கால் குட்டையான நாற்காலியில், தொழிலாளர் சார்பாக ஃபேக்டரியில் குளிர் இயந்திரம் பார்க்கிறவன். அவன் எழுத்தரம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளாமல் எழுத்தரம்மா குறிப்பைத் தொடங்கமாட்டார். யாருக்குப் பக்கத்தில் யார் என்று தெரிந்தால், யார் யாருக்கு முழங்கையால் இடித்தார் என்பது பின்னால் தானே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஃபேக்டரியில் ஐஸ் உறைய வைக்க அம்மோனியா ஓடுகிறது. அது கசிந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும், சைரனை யார் அடிப்பது, ஜனங்கள் எங்கே போய் நிற்பது என்றெல்லாம் திட்டம் போடத்தான் இந்தக் குழு. ஆண்டுக்கொரு முறை கூடிப் பழைய திட்டத்தையே தூசி தட்டி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். எட்டு வருஷமாகக் கூட்டம் காலை பத்து மணிக்குத்தான். இந்த வருஷம் தலைவருக்குக் காலையில் வேறு சோலி வந்துவிட்டதால் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. அனுப்பக் கடைசி நாளும் அன்றைக்கே. தபால் நிலையத்தில் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"பக்கம் நாலு. மக்கள் கூடுமிடம், பள்ளி மைதானம். போன வருஷம் மாதிரியேதான். மாத்தணுமா?" என்றார் தலைவர், பதிலை எதிர்பார்க்காத குரலில்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து மேசையை வாரிக்கொண்டு போனது. தாள் பறக்காமலிருக்க வைக்கும் கல்லை எழுத்தரம்மா வழக்கம்போலக் கதவுப் பக்கத்து ஓரத்தில் வைத்திருந்தார். காலையில் காற்று கதவு வழியாக வரும். கல் அங்கேதான் வேண்டும். இன்று தாள்கள் எதிர்ப்பக்கமாகப் பறந்து, தம்பியின் காலடியில் போய்ச் சரிந்தன.

"உங்க ஃபேக்டரி காத்து, எங்களை விரட்டுது பாருங்க," என்று மேனேஜரைச் சீண்டினார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. குனிந்து தாள்களைப் பொறுக்கியவன், நாலாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

எழுத்தரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சுவர் வரைபடத்தைப் பார்த்தார். கடல், கரையில் ஃபேக்டரி, அதற்குப் பின்னால் ஊருக்குள் நேர்கோட்டில் பள்ளி. பழைய குறிப்புகளைப் புரட்டினார். ஒத்திகை, காலை பத்து மணி. அடுத்த வருஷம், பத்து மணி. அதற்கடுத்ததும் அதுவே. அதிகாரிகள் வந்து போக வசதியான நேரம். அந்த நேரத்தில் காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும்; கசிந்ததெல்லாம் தண்ணீர்மேல் போய்விடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் காற்று ஊர்ப் பக்கம் திரும்பும். அப்போது சைரன் அடித்தால், ஊரையே அள்ளிக்கொண்டுபோய்ப் புகையின் வாயில் நிறுத்துகிற திட்டம் இது.

"ஒரு விஷயம்," என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். நாற்காலியே வாய் திறந்து பேசியதுபோல இருந்தது அவருக்கு.

எழுத்தரம்மா சொல்லி முடித்ததும் மேனேஜர், "அம்மா, எழுத வந்தீங்க, எழுதுங்க," என்றார்.

"அவங்க சொல்றதுல விஷயம் இருக்கு சார்," என்றார் அதிகாரி. "ஆனா மத்தியானத்துக்கு மேல கசிஞ்சு பள்ளிப் பக்கம் போச்சுன்னு ஒரு பதிவாவது வேணும். சும்மா மாத்துன்னா, எதை வெச்சு மாத்தினேன்னு மேல என்னைக் குடைவாங்க."

"போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை," என்றார் தலைமையாசிரியை, யோசித்துக்கொண்டே. "விளையாட்டு நேரத்துல பிள்ளைங்க எல்லாம் கண்ணைக் கசக்கிட்டு நின்னாங்க. கழிப்பறையில பிளீச்சிங் பவுடர் அதிகமா கொட்டிட்டான்னு ஆளைத் திட்டினேன்."

"அதேதான். பவுடர்தான்," என்றார் மேனேஜர் சட்டென்று. "பன்னிரண்டு வருஷத்துல எங்ககிட்ட ஒரு பொட்டு கசிஞ்சதில்லை. இதோ மெஷின் பார்க்கிற ஆளே இருக்காரே, கேளுங்க."

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். குட்டைக்கால் நாற்காலி ஒரு தடவை டொக்கென்று ஆடியது.

"அப்படி எதுவும் இல்லைங்க சார்," என்றான் தம்பி, தரையைப் பார்த்து.

எழுத்தரம்மா அதையும் எழுதினார். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தது அவருக்கு நினைவிருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். வெல்டிங்கை வெறும் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றான். குடத்துத் தண்ணீர் முழுவதையும் முகத்தில் இறைத்துக்கொண்டான்.

நாலாம் பக்கம் மாறாமலே ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. தம்பி மட்டும் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்றான்.

"ஏண்டா பொய் சொன்னே?"

"அக்கா, மெதுவா." அவன் படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டான். "ஒரு வால்வு. இருபது நிமிஷம். நானே நனைஞ்ச துணியைச் சுத்திக்கிட்டுப் போய் அடைச்சேன். அடைச்சாச்சு இல்ல, அப்புறம் எதுக்குப் பதிவேட்டுல எழுதணும்னார் மேனேஜர். நானும் எழுதல. இப்ப எழுதினா மாட்டறது அவரில்லை, நான்தான். வேலை போச்சுன்னா இந்த ஊர்ல வேற எந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழறது?"

"என்ன நேரம் அப்போ?"

"மூணரை."

"சுண்டெலிக்கு விளையாட்டு நேரம் எப்போ?"

சுண்டெலி அவன் மகள். மூன்றாம் வகுப்பு. தம்பி குழாய்ப் பக்கம் திரும்பினான். குழாயைத் திறந்தான், மூடினான்.

"அவளுக்கும் அன்னிக்குக் கண்ணு சிவந்திருந்துச்சு," என்றான் கடைசியில். "நான்தான் கழுவிவிட்டேன். மண்ணுல புரண்டாள்னு அவ அம்மாகிட்டச் சொன்னேன். அவளும் நம்பிட்டா. பாப்பா மட்டும், 'மண்ணுல விளையாடலையேப்பா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

எழுத்தரம்மா திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் இவனுக்குப் பள்ளியில் விடுப்புக் கடிதம்கூட அவர்தான் எழுதிக் கொடுப்பார்.

"என் பேரு வராம நீயே எழுதேன், அக்கா. எத்தனை எழுதறே."

"பேரில்லாத சீட்டு ஃபைல்ல கம்பியில கோத்துத் தொங்கும். அதிகாரி கேட்டது பதிவு. உறுப்பினர் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா இணைப்பா சேர்த்தே ஆகணும்னு குழு விதியில இருக்கு. நான் உறுப்பினர் இல்லடா. வெறும் கைதான்."

"இத்தனை வருஷத்துல யாராவது கொடுத்திருக்காங்களா?"

"இல்லை."

அவன் சிரித்தான், அது சிரிப்பாக இல்லை. "முதல் போணி நானா?"

மணி நாலே கால். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் நாளைக்கு வேலை போகும்போது அந்தப் பழியை வைக்க அவனுக்கு ஓரிடம் கிடைத்துவிடும். தாளைக் கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் ஜன்னல் திண்டில் வைத்து, மேலே கல்லை வைத்தார். இந்தத் தடவை கடல் பக்கத்து ஓரத்தில்.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சட்டைக்கையில் விரல்களைத் துடைத்துவிட்டுக் குனிந்து எழுதினான். தேதி, நேரம், எந்த வால்வு, எத்தனை நிமிஷம், காற்று எந்தப் பக்கம். மொத்தம் ஆறு வரி. கடைசி வரியில், 'கூட்டத்தில் நான் சொன்னது உண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"என் வீட்டுக்காரிக்கு நீதான் சொல்லணும்," என்றான். "எனக்கு வாய் வராது."

"சொல்றேன்."

"பெரிய டீச்சர்கிட்ட நான் போறேன். இந்தக் கடுதாசி போய், மேல இருக்கறவங்க படிச்சு, பதில் வந்து... அதுக்குள்ள ஒரு சாயங்காலம் சைரன் அடிச்சா?"

அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினான். கோபமா, பயமா, எழுத்தரம்மாவுக்குப் பிடிபடவில்லை. தாளின் தலைப்பில் 'இணைப்பு ஒன்று' என்று எழுதினார். உள்ளே ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கென்று ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். இருக்கைக் கட்டத்தில் கதவருகே தம்பிக்குப் போட்டிருந்த சின்ன வட்டத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார். மை காய்ந்திருந்தது.

தபால் நிலையத்தில் அவருக்கு முன்னால் இரண்டு பேர். முறை வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

"என்னம்மா, வருஷா வருஷம் ஒரே கனம்தான் இருக்கும். இன்னிக்குக் கூடுதே?" என்றார் கவுன்ட்டர்க்காரர், உறையைத் தராசில் போட்டு.

"ஒரு தாள் அதிகம்."

"முக்கியமானதா?"

எழுத்தரம்மா வெளியே பார்த்தார். தெருக்கோடியில் தம்பி பள்ளிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தான். கடற்காற்று பின்னாலிருந்து அவன் சட்டையை உப்ப வைத்து முன்னே தள்ளியது.

"ஒட்டிடவா?" என்றார் கவுன்ட்டர்க்காரர்.

"குடுங்க, நானே ஒட்டறேன்."

பசையை ஓரம் வரை இழுத்துத் தடவி, மடிப்பைக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு கம்பிக்கு அடியில் உறையை உள்ளே தள்ளினார். முத்திரை விழுந்தது. கவுன்ட்டர்க்காரர் அதைச் சாக்குக்குள் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டினார்.