ஏழாம் பத்தியில் ஒரு வினைச்சொல்

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு பெண் தாக்கல் செய்த பதிலுரையில், மூன்றாம் பக்கம், ஏழாம் பத்தியில் அந்தச் சொல் இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல அதை எழுதியவள் மூத்த மகள். வயது பதினாறு. கையெழுத்து அச்சுப்போல இருக்கும்; வாய்தான் திறக்காது.

முதல் வரியை நான்கு முறை எழுதிப் பார்த்தேன்.

மருத்துவமனைச் சலவையறையில் படுக்கை விரிப்புகள் மடிக்கும் ஒருத்திக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். (ராஜா ராணி கதைபோல இருக்கிறது.)

அந்த வழக்கில் எல்லோரும் அவளைப் பற்றிப் பேசினார்கள், யாரும் அவளிடம் பேசவில்லை, ஏனென்றால் நான்— (அடித்துவிட்டேன். இது 'அவள்' கதை.)

மற்ற இரண்டையும் காட்ட வெட்கமாக இருக்கிறது.

2

விஷயம் இதுதான். அப்பா பேருந்து ஓட்டுநர். பிரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எட்டு வயதுச் சின்னவளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார். அவருடைய வக்கீல் எழுதிய மனுவில் கனமான வாதம் ஒன்றே ஒன்று: 'தாய் மூத்த மகளின் படிப்பை நிறுத்திவிட்டார், இளையவளுக்கும் அதே கதிதான் நேரும்.'

அம்மாவுக்கு வக்கீல் இல்லை. இலவச வக்கீலுக்கு வரிசை ஆறு மாதம். விசாரணை மூன்று வாரத்தில். ஆகவே சமையலறை மேசைதான் வக்கீல் அலுவலகம் ஆனது. மூன்று நகல், பக்க எண், தேதிவாரியாக ஒரு பட்டியல், சின்னவளின் பள்ளிச் சான்றுகள். எல்லாம் முடிந்ததும் அம்மா தாள்களைப் படுக்கை விரிப்பைப்போல முனைக்கு முனை பொருத்தி நான்காக மடித்துவிட்டாள்.

தாக்கல் பிரிவு எழுத்தர் அதைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இதையெல்லாம் மடிக்கக் கூடாதும்மா! இது என்ன துணியா?"

"கைப்பழக்கம் சார். வேணும்னா இஸ்திரி போட்டுக் கொண்டு வரட்டுமா?"

எழுத்தர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.*

* சிரித்தாரா என்று உண்மையில் நினைவில்லை. கதையில் யாராவது ஒருவர் சிரித்தால் நன்றாக இருக்குமே என்று சேர்த்தேன்.

3

பிறகு ஒத்திகை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக்கூடிய கேள்விகளை மூத்தவள் துண்டுச்சீட்டுகளில் எழுதினாள். சின்னவள் ஒரு கறுப்புப் போர்வையை அங்கிபோல மாட்டிக்கொண்டு படித்தாள்.

"நீங்க எத்தனை மணிக்கு வேலைக்குப் போறீங்க?"

"ஆறரைக்கு."

"அப்ப பாப்பாவுக்கு யாரு தலை வாரி விடறது?"

"அவ அக்கா."

"அக்கா முடியப் புடிச்சு இழுக்கிறாளே, அது உங்களுக்குத் தெரியுமா?"

"அடியே, சீட்டுல இருக்கறத மட்டும் படிடி."

சீட்டுகள் தீர்ந்ததும் வக்கீலம்மாவுக்கு ஆசை அடங்கவில்லை. பதிலுரை நகலை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனாள். "'அதன் பின்னர்... மூத்த மகளைப் பள்ளியிலிருந்து... நிறுத்தினேன்.' ஏம்மா, நீயா நிறுத்தின? அவதானே நின்னா?"

அம்மா நகலை வாங்கிப் பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லலையே."

இரண்டு பேரும் மூத்தவளைப் பார்த்தார்கள்.

4

நின்றாள், நிறுத்தினேன். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. அந்தப் பாடம் நடந்த அன்று மூத்தவள் வகுப்பில்தான் இருந்தாள். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று தப்பிக்க முடியாது.

நடந்தது வேறு. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். எழுந்தாள். குரல் வரவில்லை. வகுப்பு காத்திருந்தது, பிறகு சிரித்தது. மறுநாளிலிருந்து சீருடையோடு கிளம்பி, மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பெஞ்சில், யாருக்காகவோ காத்திருப்பவளைப்போல நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு நாள். கீழ்த்தளத்தில் அம்மா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடப்பட்டு எழுந்து போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்காகத்தான் அங்கே போனாள்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தபின், அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணி அடிக்கும்வரை வாசலில் காவல் இருந்தாள். பதினோரு நாள், பதினோரு முறை வேலைக்குத் தாமதம். பன்னிரண்டாம் நாள் மகள் வாசல் கம்பியைப் பிடித்தவள் விடவில்லை. அன்றோடு நின்றுவிட்டாள்.

உண்மையை எழுதினால் நீதிபதி, 'அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்' என்பார். கை தவறியதா, அல்லது கை வேண்டுமென்றே—

(இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குப் பின்னால் ஒளிய ஒரு வினைச்சொல் போதுமாயிருக்கிறது அவளுக்கு. ஆனால் இவளை எடுத்துவிட்டால் கதை இல்லை.)

5

அம்மா நீதிமன்றத்தில் விசாரித்து வந்தாள். "விசாரணை அன்னிக்கு வாயால திருத்திச் சொல்லலாமாம். ஆனா நீயே வந்து சொன்னாத்தான் நம்புவாங்களாம். வேணாம். நானே நிறுத்தினதா இருந்துட்டுப் போகட்டும். உன்ன அத்தனை பேர் முன்னால நிக்க வைக்க மாட்டேன்."

"அப்ப நான் அப்பாகிட்டப் போயிடுவேனா?" என்றாள் சின்னவள்.

அம்மா மேசையில் கிடந்த தாளை மடிக்கப் போய், நினைவு வந்து, கையை எடுத்துக்கொண்டாள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மூத்தவள் மடை திறந்ததுபோலப் பேசுகிறாள். (பொய். வாய் அப்படியெல்லாம் திறக்காது.)

ஆ. எல்லாம் எழுதிவைத்த நோட்டை நீட்டுகிறாள், நீதிபதி படித்துக் கண் கலங்குகிறார். (என் ஆசை. நீதிபதிக்கு அன்று பதினெட்டு வழக்கு.)

இ. வீட்டில் இனி ஒரு தலைதான் வார வேண்டும்— (இதை முடிக்க முடியவில்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மின்விசிறி சத்தம். முன்வரிசையில் அப்பா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். வக்கீல் ஏழாம் பத்தியைப் படித்துவிட்டு, "தாயே ஒப்புக்கொள்கிறார்" என்கிறார். நீதிபதி நிமிர்ந்து, "நீங்களா நிறுத்தினீங்க?" என்கிறார். அம்மா 'ஆமாங்க' என்று சொல்ல வாயெடுக்கிறாள்.

கடைசி பெஞ்சில் மூத்தவள் நின்றாள்.

படிப்பை விட்டதற்கும் இதே சொல்தான். இடத்தை விட்டு எழுந்ததற்கும் இதே சொல்தான். இரண்டு முறையும் யாரும் அவளை நிறுத்தவில்லை.

அவள் சொல்லப்போகும் வரியை நான் எழுதித் தரமாட்டேன். எழுதித் தந்தால் அவள் மறுபடியும் அதற்குள் ஒளிந்துகொள்வாள். நோட்டில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அங்கே என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு உதவி: அங்கே வரும்போது மனதுக்குள் படிக்காதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லும்மா."

"நான்—"

(இதை அடிக்கவில்லை.)